குண்டு வெடித்த மறுநாள் ஒரு அரசு என்ன செய்ய வேண்டும்?

கைதடிவெளி எழுதியது:

பரணை ஒதுக்கும்போது மகளின் பழைய பள்ளிக்கூடப் பை ஒன்று அகப்பட்டது. 2019 மே மாதம் வாங்கியது. உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்ரிக் பை. உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது அதைத்தான் கொண்டுபோனாள். வாசலில் ஒரு மேசை போட்டு, தாய்மார் முறை வைத்து நின்று பைகளைப் பார்த்தார்கள். என் மனைவியும் இரண்டு நாள் நின்றாள். சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து மூடியதில் யார் வீட்டில் இடியப்பம், யார் வீட்டில் பாண் என்று தெரிந்ததுதான் மிச்சம் என்று வந்து சொன்னாள். எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்ததை இங்கே போடுகிறேன்.

குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஏறத்தாழ நாற்பது வயது. யாரையும் பிடிக்கலாம், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் அமைச்சரின் உத்தரவில் மூன்று மூன்று மாதமாக அப்போது 18 மாதம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் என்ன அதிகாரம் வேண்டும்? ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 11ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதத்தில் குண்டு வைத்த கும்பலின் தலைவன் சஹ்ரானின் பெயர் இருந்தது. ஜனவரியில் புத்தளம் பக்கம் வனாத்தவில்லுவில் வெடிபொருள் பிடிபட்டிருந்தது. இவ்வளவும் கையில் இருந்தும் மூன்று தேவாலயங்களிலும் மூன்று கொழும்பு விடுதிகளிலும் 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்கே பலருக்கு நினைவில்லாதது. 2018 நவம்பர் 30 மட்டக்களப்பு வவுணதீவில் காவலில் நின்ற இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். உடனே யாரைப் பிடித்தார்கள்? ஒரு முன்னாள் போராளியை. ஐந்து மாதம் உள்ளே. ஏப்ரலில் குண்டு வெடித்த பிறகுதான் அதைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிந்தது. அந்த மனிதரை விட்டார்கள். சரியான திசையில் பார்த்திருந்தால் ஏப்ரல் 21க்கு முன்பே கும்பல் அகப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். "பயங்கரவாதி என்றால் இவன்தான்" என்று முதலே முடிவெடுத்திருந்தார்கள், அதனால் வேறு பக்கம் பார்க்கவில்லை.

என் கேள்வி இதுதான். அடி விழுந்த மறுநாள் அரசுகள் ஏன் சட்டத்தைத் தேடி ஓடுகின்றன?

---

குருநகர் வள்ளம் எழுதியது:

அண்ணை, நல்லாய் எழுதுகிறீர்கள். என் மச்சாள் அன்று காலைப் பூசைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தாள். கடவுச்சீட்டு அலுவலாகக் கொழும்புக்கு வந்தவள், பெரிய நாள் என்று ஒரு நாள் கூட நின்றாள். கால் சங்கிலியை வைத்துத்தான் அடையாளம் காட்டினோம்.

அதனால் எனக்கு உந்தத் தத்துவம் எல்லாம் தூரத்தில்தான் கேட்கிறது. பையைத் திறந்து காட்டினால் என்ன குறைந்துபோகும்? சந்தேகம் என்றால் பிடிக்கட்டும், விசாரிக்கட்டும், பிழை என்றால் விடட்டும். வவுணதீவில் பிழையானவரைப் பிடித்தார்கள் என்பதற்காகச் சட்டமே வேண்டாம் என்றால், வலை கிழிந்தது என்று கடலுக்கே போகாமல் இருக்கிற கதை.

---

கறுத்தக்கொழும்பான் எழுதியது:

குருநகர் அண்ணை, உங்கள் இழப்புக்கு முன்னால் வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் "பிழை என்றால் விடட்டும்" என்றீர்களே, அந்த இடத்தில்தான் சட்டம் படிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தில் பிழையைப் பிழை என்று கண்டுபிடிக்கிற வழியையே அடைத்து வைத்திருக்கிறார்கள். சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் அது சாட்சி. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் ஒருவர் எடுத்தால் போதும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அடி வாங்கினவர்.

1993இல் மட்டக்களப்பில் பிடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தரப்பட்டது. அவருடைய வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கீழே பெருவிரல் அடையாளம். அவருக்கு எதிரான சாட்சி அது ஒன்றுதான். 50 வருடம் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது உரிமை மீறல் என்றது. 2006இல் நம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

2022இல் திருத்தம் கொண்டுவந்தார்கள், 18 மாதம் 12 மாதமானது. 16ஆம் பிரிவு அப்படியே இருந்தது.

---

மொன்றியல் மப்பு எழுதியது:

திருத்தம் என்றால் எங்கள் ஊரில் ஓட்டைக் கூரைக்குக் கிடுகு செருகிற மாதிரி. மழை நின்ற பிறகுதான் செருகுவார்கள்.

---

பழைய தபால்காரன் எழுதியது:

பிள்ளையளே, 1979 ஜூலையில் நான் சைக்கிளில் கடிதம் கொண்டு திரிந்தவன். யாழ்ப்பாணத்தில் அவசரகாலச் சட்டம். பிரிகேடியர் வீரதுங்கவை அனுப்பி, டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட்டு வா என்று ஜனாதிபதி ஜே.ஆர். கட்டளை கொடுத்தார். அந்த மாதம்தான் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கும், பாருங்கள். மூன்று வருடத்துக்கு என்றார்கள். 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். பெயரில் "தற்காலிக" மட்டும் இன்னும் நிற்கிறது.

அந்த வருடம் ஆயுதம் தூக்கினவர்கள் எத்தனை பேர்? ஒரு மினிபஸ்ஸில் ஏற்றி முடிக்கலாம் என்று அப்போது ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். டிசம்பர் 31 வந்தது, போனது. 1983க்குப் பிறகு எத்தனை பஸ் வேண்டியிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுற்றிவளைப்பைப் பற்றி இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன். எந்த ஆமி என்று சொல்லவில்லை, எந்த ஆமி வந்தாலும் சாக்கு ஒன்றுதான். விடியப்புறம் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் கோயில் வீதிக்கு வர வேண்டும். அங்கே ஒரு ஜீப். உள்ளே தலையில் சாக்கு போட்ட ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நாங்கள் வரிசையில் அவன் முன்னால் போக வேண்டும். தலை ஆடினால் ஒரு பக்கம், ஆடாவிட்டால் மறுபக்கம். நான் போன நாளில் அவன் எனக்கு முன்னால் நின்ற பெடியனுக்குத் தலையாட்டினான். அந்தப் பெடியன் ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தவன். மறுமொழிக் கடிதத்தை நான்தான் பிறகு அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தாய் வாங்கி, உடைக்காமல் சாமித்தட்டில் வைத்தா.

அவன் ஒரு இயக்கத்திலும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து வந்தான். வந்து இரண்டு மாதத்தில் இயக்கத்துக்குப் போனான்.

---

குருநகர் வள்ளம் எழுதியது:

ஐயா, அந்தக் காலம் வேறு. நீங்கள் சொல்வது ஒரு இனத்தையே எதிரியாகப் பார்த்த அரசு. நான் கேட்பது பொதுவாக. எங்காவது ஒரு நாடு குண்டுக்குப் பூ நீட்டினதா?

---

ஒஸ்லோப் பனி எழுதியது:

பூ நீட்டவில்லை தம்பி. ஆனால் நான் இருக்கிற நோர்வேயில் நடந்ததைச் சொல்கிறேன்.

2011 ஜூலை 22. ஒஸ்லோ நகர மத்தியில் அரச கட்டடத்துக்கு முன்னால் வான் வெடித்தது, 8 பேர். அதே ஆள் பொலிஸ் உடுப்பில் உத்தோயாத் தீவுக்குப் போய் இளைஞர் முகாமில் 69 பேரைச் சுட்டான். அன்று தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பிள்ளையும் இருந்தாள். நாலு வருடத்தில் ஒஸ்லோவின் துணை மேயரானாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

குண்டு கேட்ட முதல் மணித்தியாலத்தில் எங்களுக்கு வந்த பயம் வேறு. "செய்தவன் வெளிநாட்டுக்காரன் என்றால் நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவது?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் யன்னல் சீலையை இழுத்துவிட்டார். ஏன் இழுத்தார் என்று அவருக்கே தெரியாது, ஊர்ப் பழக்கம். பின்னேரம் ஆள் நோர்வேக்காரன்தான் என்று தெரிந்ததும் இருவரும் மூச்சு விட்டோம். பிறகு வெட்கமாகவும் இருந்தது, அத்தனை பிள்ளைகள் செத்துக் கிடக்கும்போது.

அவனை அடுத்த வருடம் சாதாரண நீதிமன்றத்தில், சாதாரண சட்டத்தில், பத்துக் கிழமை விசாரித்தார்கள். செத்த ஒவ்வொருவரைப் பற்றியும் நீதிமன்றத்தில் தனித்தனியாகச் சொன்னார்கள். 21 வருடம் தீர்ப்பு, ஆபத்தானவன் என்றால் நீட்டிக்கொண்டே போகலாம். 2022இல் வெளியே விடக் கேட்டான், மறுத்துவிட்டார்கள்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது தீர்ப்பில்லை, 2012 ஓகஸ்ட்டில் வந்த விசாரணை ஆணைக்குழு அறிக்கை. அரசு தன் குறையைத் தானே எழுதிக்கொண்டது. அந்த வீதியை வாகனங்களுக்கு மூட வேண்டும் என்று 2004இலேயே முடிவெடுத்திருந்தார்கள், மூடவில்லை. தீவுக்குப் பொலிஸ் போன ரப்பர் படகு பாரம் தாங்காமல் நடுவில் நின்றது. எல்லாம் அச்சில் வந்தது. பொலிஸ் தலைவர் பதவி விலகினார்.

---

குருநகர் வள்ளம் எழுதியது:

நோர்வேயில் ஒருவன்தான் செய்தான் அக்கா. பின்னால் கும்பல் இல்லை, அடுத்த குண்டு எங்கே என்ற பயம் இல்லை. எங்களுக்கு 21ஆம் திகதி காலை முடிந்ததும் பின்னேரம் தெமட்டகொடையில் வெடித்தது. ஒரு கிழமைக்குள் சாய்ந்தமருதில் வெடித்தது. அந்த நேரம் ஆணைக்குழு போட்டுக்கொண்டு இருக்க முடியுமா?

---

ஒஸ்லோப் பனி எழுதியது:

அது நியாயம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

வல்லைவெளிக் காற்று எழுதியது:

கும்பல் இருந்த நாடுகளைப் பார்ப்போமே.

வட அயர்லாந்தில் 1971 ஓகஸ்ட் 9 விடியப்புறம் பிரித்தானியப் படை 342 பேரை விசாரணையில்லாமல் பிடித்தது. பட்டியல் பழையது. பலர் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுத இயக்கத்தை விட்டு எப்போதோ விலகினவர்கள், சிலர் சம்பந்தமே இல்லாதவர்கள். வன்முறை குறைந்ததா? அந்த வருட மிச்சத்திலும் 1972இலும் மோசமாகக் கூடியது. 1974 நவம்பர் 21 இங்கிலாந்தில் பர்மிங்காமில் குண்டு, 21 பேர். எட்டு நாளில் ஒரு சட்டம். அதன் பெயர் என்ன தெரியுமா? பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். தபால்கார ஐயா சொன்ன பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா? அந்தக் குண்டுக்காக ஆறு பேரைப் பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 16 வருடம் கழித்து, 1991இல், தண்டனை பிழை என்று விட்டார்கள். செய்தவர்கள் 16 வருடமும் வெளியே.

இந்தியாவைப் பாருங்கள். ராஜீவ் கொலை வழக்கில் தடா என்ற பயங்கரவாதச் சட்டத்தின் நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. 26இல் 19! இதற்குள் தடாவும் 1995இல் காலாவதியாகி, 2002இல் அதே மாதிரிப் பொடா என்று இன்னொரு சட்டம் வந்து, 2004இல் அதுவும் போய், அதன் பல பற்கள் பழைய சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டத்துக்குள் ஏறிவிட்டன. பெயர் மாற்றிக் கல்யாணம் பேசுகிற தரகர் வேலை.

வெளிநாட்டில் போய் அடிக்கிற கதையும் இருக்கிறது. 2001 செப்ரெம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கா ஆப்கானிஸ்தானுக்குப் போனது. 20 வருடம் கழித்து அதே தலிபானிடம் காபூலை விட்டுவிட்டு வந்தது. குவாந்தனாமோவில் ஏறத்தாழ 780 பேரை வைத்திருந்தார்கள், பெரும்பாலானவர்களை ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல். பின்லாடனைக் கண்டுபிடித்தது அந்தப் போரில் இல்லை, அவனுக்குத் தகவல் கொண்டுபோன ஒருவனைப் பின்தொடர்ந்து போய்.

அதற்காக எல்லாச் சட்டமும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மும்பையில் 2008இல் 166 பேர் செத்த பிறகு, உயிரோடு பிடிபட்டவனுக்கும் வழக்கறிஞர் வைத்து, மூன்று நிலை நீதிமன்றத்திலும் கேட்டுத்தான் தண்டித்தார்கள். தூக்கு எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை. வழக்கு நின்றது.

---

[இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது.]

மட்டுறுத்துனர்: ஒரு சமூகத்தை முழுதாகக் குறிவைத்து எழுதியதால் நீக்கினேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

---

சோனகதெருக்காரன் எழுதியது:

நீக்க முன்னமே வாசித்துவிட்டேன். பரவாயில்லை, புதிதில்லை.

நான் யாழ்ப்பாணம் ஐந்து சந்தியடியில் சின்னத் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். 2019 மே மாதம் மூன்று தரம் சோதனை. மூன்றாம் தரம் வந்தவர் சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றி, பின்பக்கம் பார்த்து, அரபு எழுத்தைப் படம் எடுத்தார். "இது என்ன?" என்றார். "பிஸ்மில்லாஹ்" என்றேன். "அதுக்குக் கருத்து?" சொன்னேன். எழுதிக்கொண்டார். நூல்கட்டைப் பெட்டிகள் எல்லாம் கொட்டிக் கிடந்தன, நிறம் பிரித்து அடுக்க இரண்டு நாள் போனது. அந்த மாதம் வழமையான வாடிக்கையில் பாதி வரவில்லை. ஒரு ரீச்சர் மட்டும் வந்து, தேவையில்லாமல் ஆறு முழம் லேஸ் வாங்கிக்கொண்டு போனா. மே 13 மினுவாங்கொடையில் கடைகள் எரிந்த அன்று என் மனைவி உடுப்புப் பை கட்டி வைத்தாள். 1990இல் அவளுடைய தாய் கட்டின மாதிரி.

நான் சொல்ல வந்தது வேறு. சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டது யார்? அவனுடைய சொந்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் சூபி வழியில் போகிற முஸ்லிம்களைத் தாக்கினார்கள். அதற்குப் பிடியாணை இருந்தது. அவன் தலைமறைவானான், தேடவேண்டியவர்கள் தேடவில்லை. பிறகு எங்களிடம் வந்து "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். இதே காலத்தில் தமிழில் கவிதை எழுதின மன்னார்ப் பெடியன் ஒருவனைத் தீவிரவாதம் என்று 2020இல் பிடித்து, ஒன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2023இல் நீதிமன்றம் விடுவித்தது.

அடுத்த தடவை ஒரு பெடியனின் போக்குச் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தால், நான் போய்ச் சொல்வேனா? நேர்மையாகச் சொல்கிறேன், யோசிப்பேன். சொன்னால் அவனைப் பிடிப்பார்களா, என்னையும் சேர்த்துப் பிடிப்பார்களா என்று.

---

கைதடிவெளி எழுதியது:

சோனகதெரு நானா, உங்கள் கடைசிப் பந்தியை மூன்று தரம் வாசித்தேன்.

1990 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னது புலிகள். அதுவும் "பாதுகாப்பு" என்ற பெயரில்தான், ஒரு சிலரில் சந்தேகம் என்று முழு ஊரையும் அனுப்பினார்கள். கையில் அரசு இருந்தவர்கள் மட்டும் செய்த பிழை இல்லை இது. எங்களுக்குள்ளும் அதே மூளை வேலை செய்தது. அப்போது நான் பத்து வயதுப் பிள்ளை. பக்கத்து மேசை நசீர் அடுத்த நாள் வரவில்லை என்று மட்டும் தெரியும். ரீச்சர் இடாப்பில் பெயர் கூப்பிட்டுவிட்டு, நிறுத்தி, அடுத்த பெயருக்குப் போனா.

---

கறுத்தக்கொழும்பான் எழுதியது:

இன்னொன்றையும் சேர்க்கிறேன். 2019 மே 3 எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் தேடுதல். தேடியது சஹ்ரானின் ஆட்களை என்றார்கள். பிடித்தது மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும், தலைவர் பிரபாகரனின் படம் இருந்தது என்று. கொச்சிக்கடையில் வெடித்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குருநகர் அண்ணை கேட்ட "அந்த நேரம்" என்பதற்கு என் பதில்: சில நாள் அவசரகாலம் தேவைதான். ஊரடங்கு, சோதனை எல்லாம் சரி. ஆனால் ஏப்ரல் 22 போட்டது ஓகஸ்ட் வரை இழுபட்டது. நாள் குறித்துப் போட வேண்டும், நீட்டுவதென்றால் ஒவ்வொரு முறையும் பாராளுமன்றத்தில் காரணம் காட்டி வாதாட வேண்டும், பிடித்தவரை நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும், 16ஆம் பிரிவு போக வேண்டும். 2024இல் ஆட்சிக்கு வந்தவர்கள் சட்டத்தையே நீக்குவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதினார்கள். நீக்கிவிட்டு இன்னொரு பெயரில் வந்தால் வல்லைவெளி அண்ணையின் தரகர் கதைதான்.

---

குருநகர் வள்ளம் எழுதியது:

இரண்டு நாள் கடல், அதனால் பதில் பிந்திவிட்டது.

எல்லாம் வாசித்தேன். தம்பி சொன்ன "நாள் குறித்து" என்பது எனக்குச் சரி. மற்றதில் முழுக்க உடன்பாடில்லை. பிடிக்கிற அதிகாரம் வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. 2023 ஜனவரி 12 உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால 10 கோடி ரூபா கட்ட வேண்டும் என்றது, பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் புலனாய்வுத் தலைவராக இருந்தவரும் ஏழரைக் கோடி வீதம். தகவல் கையில் இருந்தும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று. அந்தத் தீர்ப்புச் செய்தியை மாமி வானொலியில் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டது இதுதான்: "அப்ப அவையளுக்குத் தெரியுமோ?" நான் ஓம் என்றேன். மாமி வானொலியை நிற்பாட்டிவிட்டு மீன் வெட்டப் போனா. அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சோனகதெரு அண்ணை, வலைக்கு நைலோன் நூல் உங்கள் கடையில் இருக்குமா? 21ஆம் திகதி கொழும்புக்குப் போகிறேன், திருப்பலிக்கு. அதற்கு முதல் ஒரு நாள் வருகிறேன்.

---

சோனகதெருக்காரன் எழுதியது:

வலை நூல் இல்லை. பக்கத்துக் கடையில் இருக்கு, எடுத்து வைக்கிறேன். எத்தனையாம் நம்பர்?